மறு: தெர்மல் த்ராட்லிங் – ‘சூட்டுக் கடிவாளம்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

கேம் ஆடும்போது மடிக்கணினி சூடாகித் திணறினால் என்ன செய்யலாம் என்ற உதவிக் குறிப்பை எழுத உட்கார்ந்தால், ‘தெர்மல் த்ராட்லிங்’ (சூட்டால் நுண்செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வது) என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற இந்த இடத்தில்தான் எல்லோரும் நின்றுவிடுகிறோம். இந்த விவாத இழையில் இதுவரை வந்த ‘வெப்பத் தணிப்பு’, ‘வெப்ப நெரிப்பு’, ‘வெப்ப மட்டுறுத்தல்’ என்ற மூன்று பரிந்துரைகளையும் படித்தேன். மூன்றிலும் எனக்கு நிறைவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு, நான் ஒன்றை முன்வைக்கிறேன்.

முதலில் நடப்பது என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். நுண்செயலிக்குள்ளேயே (ப்ராசஸர்) வெப்பநிலை உணரி இருக்கிறது. (‘செயலி’ என்று நான் எழுதுவதில்லை. அந்தச் சொல் கைப்பேசி ஆப்புக்குப் போய்விட்டது, இனி திரும்பி வராது.) இன்டெலின் பெரும்பாலான மடிக்கணினிச் சில்லுகளுக்கு எல்லை 100 டிகிரி செல்சியஸ். அதைத் தொட்டதும் சில்லு தன் கடிகார வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தானே குறைத்துக்கொள்கிறது. மின்திறன் செலவு மின்னழுத்தத்தின் இருமடியை (வர்க்கத்தை) பொறுத்தது என்பதால், அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கினாலே சூடு நன்றாகக் குறையும். அப்படியும் அடங்காவிட்டால் கணினி தானாகவே அணைந்துவிடும்.

இதன் அருமை புரிய 2001இல் கணினி வன்பொருள்களைச் சோதிக்கும் டாம்ஸ் ஹார்ட்வேர் தளம் வெளியிட்ட காணொளியை நினைவூட்டுகிறேன். குவேக் 3 என்ற ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நுண்செயலியின் மேலிருந்த குளிர்விப்பானைக் கழற்றினார்கள். ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லான் நுண்செயலி புகைந்து செத்தது. இன்டெலின் பென்டியம் 3 உறைந்து நின்றது. பென்டியம் 4 மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி ஆட்டத்தை ஓட்டியது. குளிர்விப்பானைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. நாம் பெயர் வைக்க வேண்டியது இந்தச் செயலுக்குத்தான். குறைவது வேகம், காரணம் சூடு, செய்வது சில்லு, அதுவும் தன்னைக் காத்துக்கொள்ள. இந்த நான்கில் முதல் இரண்டுமாவது சொல்லில் தெரிந்தாக வேண்டும்.

> வெப்பத் தணிப்பு என்றே வைத்துவிடலாமே, எளிதாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் படிப்பவருக்கு என்ன தோன்றும்? சூடு தணிகிறது, தாகம் தணிகிறது, கோபம் தணிகிறது. ‘வெப்பத் தணிப்பு’ என்றால் விசிறி, அடியில் வைக்கும் குளிர்விப்புப் பலகை, வெப்பப் பசை இவைதான் நினைவுக்கு வரும். அதாவது நோயின் பெயர் மருந்தின் பெயராகிவிடும். ‘உங்கள் கணினியில் வெப்பத் தணிப்பு நிகழ்கிறது’ என்று எழுதினால், படிப்பவர் நல்லதுதானே என்று மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார்.

> வெப்ப நெரிப்பு? மூலச்சொல்லுக்கு நெருக்கம்.

ஆங்கிலத்தில் ‘த்ராட்டில்’ என்றால் நெரிப்பதுதான். மூலச்சொல்லுக்கு நெருக்கம், ஆனால் பயனருக்குத் தூரம். தமிழில் நெரிப்பது கழுத்தை. இயந்திரம் பாழாகிறது என்ற பயம்தான் வரும். அந்தப் பயத்தில்தான் பலர் இதை ‘நிறுத்துவது’ எப்படி என்று தேடிப் போகிறார்கள். நுண்செயலியின் அமைப்புகளை மாற்ற உதவும் த்ராட்டில்ஸ்டாப் மென்பொருளில் ‘பிடி ப்ராக்ஹாட்’ (மற்ற பாகங்கள் ‘சூடு’ என்று அனுப்பும் சமிக்ஞைக்கும் நுண்செயலியைப் பணிய வைக்கும் அமைப்பு) என்ற குறியை எடுத்துவிடச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கிறது. பழுதான ஒரு உணரி பொய்ச் சமிக்ஞை அனுப்புகிறது என்று உறுதியாகத் தெரிந்தால் அது சரி. நிஜமாகவே சூடாகிற கணினியில் அதைச் செய்வது, எச்சரிக்கை வரும் ஒரு வழியை அடைப்பதாகும். நாம் வைக்கும் பெயர் யாரையும் அந்தப் பக்கம் தள்ளிவிடக் கூடாது.

> வெப்ப மட்டுறுத்தல்.

மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் இணையத் தமிழில் மட்டுறுத்துநர் என்பவர் மன்றத்தில் பதிவுகளைக் கவனிப்பவர். அந்தப் பொருள் பல ஆண்டுகளாக ஊறிவிட்டது. வினையாக்கினால் ‘மட்டுறுத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது’ என்று நீளவும் செய்யும். கணினியின் சூட்டையும் வேகத்தையும் காட்டும் கண்காணிப்பு மென்பொருளின் குறுகிய பத்தியில் (நெடுவரிசையில்) அது அடங்காது.

அந்தப் பத்தியை இழையில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள் என்று தெரியவில்லை, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அக்கா மகன் வாலரன்ட் ஆடும் மடிக்கணினியில் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளை ஓடவிட்டு உட்கார்ந்தேன். மெத்தை மேல் வைத்து ஆடுவான், அடியிலுள்ள காற்றுத் துளைகள் எல்லாம் மூடிக்கிடக்கும். ஆட்டம் தொடங்கியபோது கடிகார வேகம் 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தது. வெப்பநிலை 80, 90 என்று ஏறி 100ஐத் தொட்டதும், நுண்செயலியின் உள்ளகம் (கோர்) ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இல்லை’ என்றிருந்தது சிவப்பில் ‘ஆம்’ என்று மாறியது. வேகம் 2.6க்கு இறங்கியது. சில நொடிகளில் சூடு கொஞ்சம் குறைந்ததும் மறுபடி ‘இல்லை’, வேகம் மேலே. உடனே மறுபடி ‘ஆம்’. இப்படி மாறிமாறி நடந்ததால்தான் திரை விட்டுவிட்டு இழுத்தது. “மாமா, நெட்டு ஸ்லோவா இருக்கு” என்று அவன் அதுவரை இணைய இணைப்பைத் திட்டிக்கொண்டிருந்தான்.

மேசைக்கு மாற்றிப் பின்பக்கத்தை உயர்த்தி வைத்ததில் கொஞ்சம் தேறியது. அடிமூடியைக் கழற்றினால் விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே தூசி கெட்டியாகப் படிந்து, காற்று வெளியேற வழியே இல்லை. (ஊதிச் சுத்தம் செய்யும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அது தறிகெட்டுச் சுழலக் கூடாது.) அப்புறம் நொடிக்குத் திரையில் வரும் ஃபிரேம் எண்ணிக்கையை 60க்குள் நிறுத்தினோம். விண்டோஸ் மின் அமைப்பில் நுண்செயலியின் உச்ச நிலையை 99 விழுக்காடாக்கினோம், அதனால் டர்போ (வேகத்தைத் தற்காலிகமாக ஏற்றும் வசதி) அணைந்தது. உச்ச வேகம் குறைந்தது, ஆனால் ஆட்டம் சீரானது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் வழியும் உண்டு. ஆனால் 2019 டிசம்பரில், மின்னழுத்தத்தை மாற்றியே தாக்க இடம் தரும் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியான பிறகு பல மடிக்கணினிகளில் அதைப் பூட்டிவிட்டார்கள்.

சரி, என் பரிந்துரை: சூட்டுக் கடிவாளம்.

‘செலவுக்குக் கடிவாளம்’, ‘விலைவாசிக்குக் கடிவாளம்’ என்று நாளிதழ்கள் தினமும் எழுதுகின்றன. குதிரையைப் பார்த்திராதவருக்கும் பொருள் விளங்கும்: ஓடக்கூடியதை வேண்டுமென்றே பிடித்து நிறுத்துவது, தளர்த்தினால் மறுபடி ஓடும். பென்டியம் 4 செய்தது அதைத்தான்.

‘சூட்டுக்குப் போடும் கடிவாளம்’ என்று யாராவது படித்துவிட மாட்டார்களா என்ற கேள்வி வரும். ‘மழை விடுமுறை’ என்றால் மழையே விடுமுறையில் போகிறது என்று யாரும் படிப்பதில்லை. முன்சொல் காரணத்தைக் காட்டுவது நமக்குப் பழக்கமானதுதான். ‘வெப்பத் தணிப்பு’க்கும் இதே வாதம் பொருந்தாதா என்றால், பொருந்தாது. சூடும் தணிவும் பேச்சில் ஒட்டிப் பிறந்தவை, பிரித்துப் படிக்க வைக்க முடியாது. சூடும் கடிவாளமும் அப்படி இல்லை.

இன்னொரு வசதி, இதே அச்சில் மற்றவற்றையும் வார்க்கலாம். மின்திறன் வரம்பால் வேகம் குறைந்தால் மின்கடிவாளம். வினையாகக் கடிவாளமிடு. பத்தித் தலைப்பில் ‘சூட்டுக் கடிவாளம்: ஆம் / இல்லை’ என்று அடங்கிவிடும். ‘வெப்ப’ என்று போடாமல் ‘சூட்டு’ என்று போட்டது, பயனர் “கம்ப்யூட்டர் சூடாகுது” என்றுதான் நம்மிடம் வருகிறார் என்பதால்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மூன்று சோதனைகள்:

‘உள்ளக வெப்பநிலை வரம்பைத் தாண்டியதால் நுண்செயலிக்குச் சூட்டுக் கடிவாளம் விழுந்துள்ளது.’ லினக்ஸ் கருனிப் (கெர்னல்) பதிவில் ஆங்கிலத்தில் வரும் ஒரு வரியின் பொருள் இது. அந்தப் பதிவை நாம் மொழிபெயர்க்கப்போவதில்லை, ஆனால் விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

‘2018 மேக்புக் ப்ரோவில் கடுமையான சூட்டுக் கடிவாளம் விழுவதாகப் புகார் எழுந்தது, ஃபர்ம்வேரில் (சாதனத்துக்குள் பதிந்த மென்பொருளில்) ஒரு டிஜிட்டல் சாவி விடுபட்டதே காரணம் என்று ஆப்பிள் அதே ஜூலையில் திருத்தம் வெளியிட்டது.’

‘ஆட்டம் இழுத்தால் முதலில் சூட்டுக் கடிவாளம் விழுகிறதா என்று பாருங்கள், விழுந்தால் துளைகளையும் விசிறியையும் கவனியுங்கள், கடிவாளத்தை அறுக்காதீர்கள்.’

மூன்றாவது வாக்கியம் வேறு எந்தப் பரிந்துரையிலும் இவ்வளவு இயல்பாக வரவில்லை. முயன்று பார்த்தேன்.

இணையச் சேவை நிறுவனங்கள் தரவு வேகத்தைக் குறைப்பதற்கும் மூலத்தில் இதே சொல்தான். அதற்கு ‘வேகக் கடிவாளம்’ போதுமா, ‘அலைவரிசைக் கடிவாளம்’ வேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. பிணையத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லை மேலே உள்ள மூன்று வாக்கியங்களிலும் வைத்து அனுப்புங்கள், ஒப்பிட வசதியாக இருக்கும்.

அன்புடன்.