தஞ்சாவூர்ல 20 வருஷம் குடுத்தாச்சு, இப்ப மதுரைல அப்பீல், புள்ள மறுபடி கூண்டுல ஏறணுமா?

வெண்ணாத்தங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க நெல்லு ஈரப்பதம், டிபிசில (நெல்லு கொள்முதல் நிலையம்) மூட்டை தேங்கிக் கெடக்கறது, மேட்டூர் எப்ப தொறப்பாங்கன்னு தான் எழுதுவேன், இத எழுத வேண்டி வரும்னு நெனச்சதே இல்ல. எங்க அக்கா பொண்ணு ஆறாவது படிக்கையில நடந்தது. செஞ்சது அவ அப்பாவோட கூடப்பொறந்த அண்ணன். ஒரே கொல்லை, ஒரே போர்செட்டு, நடுவுல ஒரு தட்டி தான். எட்டாவது வந்தப்புறம் தான் ஸ்கூல்ல டீச்சர்கிட்ட வாயத் தொறந்தா, அவங்க தான் மகளிர் ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வந்தாங்க. மச்சான் அப்ப சிங்கப்பூர்ல, அக்கா தனியா நின்னா.

போன மாசம் தீர்ப்பு வந்துச்சு, குழந்தைங்கள பாலியல் குத்தத்துல இருந்து காக்கற போக்சோ சட்டம் செக்‌ஷன் 6ல 20 வருஷம். அன்னைக்கு ராத்திரி புள்ள என்கிட்ட வந்து "மாமா 20 வருஷம்னா அவரு வெளிய வரப்ப எனக்கு 35 வயசு இருக்கும்ல"ன்னு வெரல் விட்டு எண்ணிக்கிட்டு இருந்தா. இப்ப ஹைகோர்ட்டுல அப்பீல் போட்டுட்டாங்களாம், ஜாமீன் மாதிரி ஏதோ பெட்டிஷனும் போட்டிருக்காங்களாம், இத எங்களுக்கு கோர்ட்டு சொல்லல, ஊர்ல டீக்கடைல கேள்விப்பட்டோம். அக்கா மாமியாரு சோறு தண்ணி இல்லாம படுத்துக்கிச்சு, பெரியவன் உள்ள இருந்தா நான் செத்துருவேன்னு. மச்சானும் போன்ல இழுக்கறாரு, எங்களுக்கு மேல் கோர்ட்டுக்கு அலையத் தெம்பில்லன்னு.

புள்ள அப்பீல்னு காதுல வாங்கிட்டு கேட்டது இது தான், "அப்ப நான் சொன்னத அவங்க நம்பலயா?" என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. அவ மறுபடி போய் எல்லாத்தையும் சொல்லணுமா? அவன் வெளிய வந்துருவானா? நாங்க போய் ஏதும் சொல்ல முடியுமா இல்ல அரசாங்க வக்கீல் பாத்துப்பாரா?

கறுப்புகோட்டு07:

தம்பி மொதல்ல ஒரு வேலை பண்ணுங்க, பதிவுல எங்கயாவது ஊர் பேரோ ஸ்கூல் பேரோ வந்தா உடனே எடுத்துருங்க. போக்சோ செக்‌ஷன் 23 பத்திரிகைக்கு மட்டும் இல்ல, நாம இப்படி எழுதறதுக்கும் சேத்து தான், ஐபிசிக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்ல 72ம் இருக்கு. மாமான்னு பாசத்துல எழுதுனாலும் அடையாளம் தெரிஞ்சா தப்பு தப்பு தான்.

புள்ளகிட்ட இன்னைக்கே சொல்லுங்க, அவ கூண்டுல ஏற வேண்டாம். அப்பீல்ங்கறது பேப்பர்ல நடக்கற சண்டை. கீழ் கோர்ட்டுல அவ சொன்ன சாட்சியம், குறுக்கு விசாரணை, டாக்டர் ரிப்போர்ட், எஃப்ஐஆர், மாஜிஸ்ட்ரேட் முன்னாடி குடுத்த 164 வாக்குமூலம் எல்லாத்தையும் தொகுத்து டைப்டு செட்டுன்னு கட்டு போடுவாங்க, ஜட்ஜு அத வச்சு தான் பாப்பாரு. புது சாட்சி கூப்புடறதுக்கு பிஎன்எஸ்எஸ் (சிஆர்பிசிக்குப் பதிலா வந்த நடைமுறைச் சட்டம்) 432ல வழி இருக்கு, ஆனா அபூர்வம். அப்பீல் போட்டா நம்பலன்னு அர்த்தம் இல்ல, தண்டனை வாங்குன எவனுக்கும் 415ல அது உரிமை, 60 நாளுக்குள்ள போடணும், காசு இல்லாதவன் ஜெயில்ல இருந்தே போடுவான். அந்த உரிமைய நான் குறை சொல்ல மாட்டேன், நானே அந்தப் பக்கமும் ஆஜராகி இருக்கேன், தப்பா தண்டனை ஆன கேஸும் பாத்திருக்கேன். ஆனா உங்க கேஸ்ல நீங்க பயப்பட வேண்டியது அப்பீல் இல்ல, நீங்க ஜாமீன் மாதிரின்னு சொன்னீங்க பாருங்க அது.

அது சஸ்பென்ஷன் ஆஃப் சென்டன்ஸ், பழைய சிஆர்பிசில 389, இப்ப பிஎன்எஸ்எஸ்ல 430. அப்பீல் முடியற வரைக்கும் தண்டனைய நிறுத்தி வச்சு என்னை வெளிய விடுங்கன்னு கேக்கறது. அப்பீல் விசாரணைக்கு வர வருஷக்கணக்கு ஆகலாம், ஆனா இந்த பெட்டிஷன் சீக்கிரமே லிஸ்ட்டுக்கு வந்துரும். பத்து வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை வரக்கூடிய குத்தம்னா அரசு வக்கீலுக்கு எழுத்துல ஆட்சேபணை சொல்ல வாய்ப்பு குடுத்தே ஆகணும், சட்டமே சொல்லுது. ஆனா ஏபிபி, அதான் அந்த அரசு வக்கீல், மேசைல அன்னைக்கு அம்பது கட்டு இருக்கும், உங்க வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவுல தட்டி ஒண்ணு தான்னு அவருக்கு யாரு சொல்லுவா? கட்டுல அது இருக்காது. நீங்க தான் சொல்லணும்.

சொல்ல உரிமை இருக்கு. 2022ல உத்தரப்பிரதேசத்து லக்கிம்பூர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருச்சு, பாதிக்கப்பட்டவங்களுக்கு விசாரணைல இருந்து அப்பீல் வரைக்கும் எல்லா கட்டத்துலயும் கேக்கப்படற உரிமை உண்டுன்னு. போக்சோ செக்‌ஷன் 40லயும் குடும்பம் தங்களுக்குன்னு வக்கீல் வச்சுக்கலாம்னு இருக்கு, முடியலன்னா லீகல் சர்வீசஸ்ல, அதான் இலவச சட்ட உதவில, வச்சுத் தருவாங்க, பொண்ணுங்களுக்கும் குழந்தைங்களுக்கும் வருமானமே பாக்க மாட்டாங்க. மதுரை பெஞ்சுலயே ஹைகோர்ட் சட்டப்பணிக் குழு இருக்கு, இல்லன்னா சட்ட உதவி நம்பர் 15100க்கு அடிங்க. அக்கா பேர்ல, எங்களையும் கேளுங்கன்னு இன்டர்வீன் பெட்டிஷன் போட்டு, அவன் வெளிய வந்தா எங்க தங்குவான், புள்ள எந்த வழியா ஸ்கூல் போறா, இது வரைக்கும் யாரு வந்து என்னென்ன மிரட்டுனா, எல்லாம் அஃபிடவிட்ல வரட்டும். அதையும் மீறி சஸ்பென்ஷன் குடுத்தா கூட அந்த ஊருக்குள்ளயே கால் வைக்கக் கூடாதுன்னு கண்டிஷன் கேக்கலாம்.

குத்தாலத்தான்:

வக்கீல் சார் சொல்றது எல்லாம் சட்டம், நான் ஊர் நடப்பு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. தண்டனை தான் குடுத்தாச்சே, ரெண்டு மூணு வருஷம் உள்ளயும் இருந்தாச்சு. நாளைக்கு அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் காட்சி பண்ணணும், பங்காளி இல்லாம பந்தக்கால் நடுவீங்களா? கெழவி இருக்கற வரைக்கும் சொத்து பிரிக்க முடியாது. பெரியவங்கள வச்சுப் பேசி, அந்தாளு பங்கு நெலத்த புள்ள பேர்ல எழுதி வாங்கிட்டு, மேல் கோர்ட்டுல ஒரு சமாதான அஃபிடவிட் குடுத்தா முடிஞ்சுது.

திருவாரூர்க்காரி:

குத்தாலத்தான் அண்ணே, பந்தக்கால் நட அந்தப் பங்காளி எதுக்கு? தாய்மாமன் இருக்காருல்ல, அவரு தான் இத எழுதியே இருக்காரு.

சமாதான கதைக்கு வரேன். இது ராஜி ஆகற குத்தமே இல்ல. ராஜஸ்தான்ல ஒரு கேஸ், அப்பாவே சமாதானம் ஆகி ஹைகோர்ட் கேஸ ரத்து பண்ணிருச்சு, 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவ தூக்கிப் போட்டு கேஸு நடக்கட்டும்னுருச்சு. எழுதித் தர்றதால கேஸ் முடியாது, ஆனா அந்த அஃபிடவிட்ட தூக்கிக்கிட்டு "பாருங்க, அம்மாவே சொல்றாங்க, சொத்துத் தகராறுல போட்ட கேஸு தான்"னு எதிர்த்தரப்பு வாதாடும். நெலம் எழுதி வாங்குனீங்கன்னா அதுக்கு ஆதாரத்தயும் நீங்களே பத்திரம் பதிஞ்சு குடுத்த மாதிரி.

நான் கொஞ்ச வருஷம் இந்தப் புள்ளைங்களுக்கு சப்போர்ட் பர்சனா, அதாவது கேஸ் நடக்கறப்ப துணையா நிக்கற ஆளா இருந்தவ. வெளியாளு செஞ்சா ஊரே கட்டையத் தூக்கிட்டு ஓடும், வீட்டாளு செஞ்சா அதே ஊரு புள்ளய தான் சமாதானம் பண்ணும். நான் பாத்ததுல கேஸுக்கு நடுவுல புள்ளைங்க சாட்சி மாத்துனது பயத்துல இல்ல, அப்பாயி சாப்புடலங்கறதுல தான். உங்க வீட்டுல அந்தக் கட்டம் தாண்டிட்டீங்க, சாட்சியம் பதிவாகிருச்சு, இனி அவ மாத்த வேண்டியதே இல்ல, அப்பாயிய நெனச்சு அவ குத்த உணர்ச்சில வேகாம பாத்துக்கங்க. கெழவி பட்டினி கெடந்தா மச்சான் வந்து சோறு போடட்டும், புள்ளகிட்ட அனுப்பாதீங்க.

யாராவது வீட்டுக்கு வந்து மிரட்டுனா தேதி போட்டு நோட்டுல எழுதுங்க. 2018 சாட்சி பாதுகாப்புத் திட்டத்துல மனு குடுக்கலாம். அவசரம்னா குழந்தைங்க உதவி நம்பர் 1098. தீர்ப்புல இழப்பீடு சொல்லியிருந்தா அதையும் விடாம கேளுங்க, மாவட்ட சட்டப்பணி ஆணைக்குழு ஆபீஸ்ல போய் நின்னா தான் ஃபைல் நகரும்.

பேர்வேணாம்:

நான் எப்பவும் படிக்க மட்டும் செய்வேன். எங்க வீட்டுலயும் இதே, என் தங்கச்சி. எங்களுது நாகப்பட்டினம் பக்கம்ங்கறதால மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போச்சு. ஒரே காவேரி தண்ணி தான் குடிக்கறோம், தஞ்சாவூருக்கு மதுரை, எங்களுக்கும் திருவாரூருக்கும் மெட்ராஸ். அவ்ளோ தூரம் யாரு போறதுன்னு எங்கப்பா ஒரு தடவ கூட போகல. அப்பீல்ல அந்தாளு விடுதலை ஆகிட்டாரு.

தீர்ப்ப அப்புறமா வாங்கிப் படிச்சேன். புள்ள பொய் சொல்லுதுன்னு ஜட்ஜு எங்கயுமே எழுதல. எஃப்ஐஆர்ல ஒரு தேதி, 164ல வேற தேதி, அம்மா சாட்சில மூணாவது தேதி. புகார் ஏன் லேட்டுன்னு யாருமே கேள்வி கேட்டு பதிவு பண்ணல. அதுக்கு நடுவுல எங்கப்பாவுக்கும் அந்தாளுக்கும் வரப்புத் தகராறு ஓடுனது, அதோட நகல எதிர்த்தரப்பு தாக்கல் பண்ணியிருக்காங்க. போக்சோ 29ல குத்தம் செஞ்சான்னு கோர்ட்டே அனுமானிக்கும்னு சொல்றாங்கல்ல, அதுக்கு முன்னாடி அடிப்படை விஷயங்கள அரசு நிரூபிச்சிருக்கணுமாம், அது இல்லன்னு முடிச்சுட்டாங்க. சந்தேகத்தின் பலன். அந்த வார்த்தைய தங்கச்சிக்கு இன்னும் நான் விளக்கிச் சொல்லல.

அதனால தான் எழுதறேன். யாராவது போய் ஒக்காருங்க. அப்பீல் நம்பர ஈகோர்ட்ஸ் ஆப்புல போட்டா அடுத்த தேதி காட்டும், எனக்கு அது கூட அப்ப தெரியாது.

கறுப்புகோட்டு07:

பேர்வேணாம் சொன்னது தான் நெஜமான பாடம், நான் சட்டம் பேசுனத விட. அதோட ரெண்டு சேத்துக்கறேன். லேட்டா சொன்னதாலயே குடும்பத்துக்குள்ள நடந்த கேஸு விழுந்துராது, புள்ளைங்க ஏன் வருஷக்கணக்கா வாய் தொறக்கறதில்லன்னு கோர்ட்டுங்களுக்கு நல்லாவே தெரியும், ஆனா காரணம் சாட்சியத்துல இருக்கணும். உங்க கேஸ்ல டீச்சர் சாட்சி சொல்லியிருந்தா அது பெரிய பலம். அப்புறம் பிறப்புச் சான்றிதழ் எக்ஸிபிட் ஆகியிருக்கான்னு, அதாவது கோர்ட்டு சாட்சி ஆவணமா குறிச்சிருக்கான்னு பாருங்க. 2023ல நம்ம தமிழ்நாட்டு கேஸ் ஒண்ணுல ஸ்கூல் டிசி மட்டும் வச்சு வயச முடிவு பண்ண முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் விடுதலை பண்ணிருச்சு. அது பதினெட்டுக்கு ஒட்டுன வயசு, உங்களுக்கு அந்த சிக்கல் வராது, இருந்தாலும் பாத்து வைங்க.

யாராவது கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், 20 பத்தாது ஆயுள் வேணும்னு நீங்க அப்பீல் போட முடியாது. விடுதலை ஆனாலோ, சின்ன செக்‌ஷன்ல தண்டிச்சாலோ, இழப்பீடு கம்மின்னாலோ தான் 413ல பாதிக்கப்பட்டவங்க அப்பீல். தண்டனைய கூட்டச் சொல்லி அரசு தான் போகணும். உங்களுக்கு அது இப்ப தேவையில்ல. 2019 ஆகஸ்ட் திருத்தத்துக்கு அப்புறம் நடந்த சம்பவம், செக்‌ஷன் 6ல குறைஞ்சபட்சமே 20, குத்தம் உறுதியாச்சுன்னா அதுக்குக் கீழ ஹைகோர்ட்டாலயும் எறக்க முடியாது.

வெண்ணாத்தங்கரை:

எல்லாருக்கும் நன்றின்னு சொன்னா பத்தாது. பேர்வேணாம், உங்க பதிவ அக்காவுக்கு படிச்சுக் காட்டுனேன், அவ ஒண்ணும் சொல்லல, அடுப்ப அமத்திட்டு உள்ள போய் பீரோவுல இருந்து தீர்ப்பு நகல எடுத்துட்டு வந்து என் மடில வச்சா. மச்சான்கிட்ட நானே பேசிட்டேன். அவரு அழுதாரு. அவருக்கும் அண்ணன் தான, அது எனக்குப் புரியுது, ஆனா அஃபிடவிட் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்கன்னு கறாரா சொல்லிட்டேன், சரின்னாரு.

15100ல பேசுனோம், மதுரைல போய் மனு எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. ஆப்புலயும் பாத்துட்டேன், பெட்டிஷன் அடுத்த வாரம் லிஸ்ட்ல இருக்கு. நடவு ஆளு சொல்லியாச்சு, அத ஒரு நாள் தள்ளிட்டு நானும் அக்காவும் விடியக்காலைல கெளம்பறோம். ஒரு சந்தேகம், பஸ்ஸுல போனா மாட்டுத்தாவணி போய் திரும்பி வரணுமா?

கறுப்புகோட்டு07:

வேண்டாம், புதுக்கோட்டை, மேலூர் வழி பஸ்ஸுன்னா ஒத்தக்கடை தாண்டுனதும் ஹைகோர்ட் ஸ்டாப்னு சொல்லி எறங்கிக்கங்க, மாட்டுத்தாவணி அதுக்கு அப்புறம் தான். உள்ள போக ஆதார் கேப்பாங்க. தீர்ப்பு நகல், எஃப்ஐஆர் நகல், புள்ளயோட பிறப்புச் சான்றிதழ் மூணும் ஜெராக்ஸ் ரெண்டு செட். புள்ளய கூட்டிட்டு வராதீங்க, அவ ஸ்கூலுக்குப் போகட்டும்.

வெண்ணாத்தங்கரை:

சரிங்க சார். நேத்து அவகிட்ட சொல்லிட்டேன், நீ வர வேண்டாம்மா, நீ சொன்னது எல்லாம் டைப் அடிச்சு கட்டா அங்க இருக்கு, ஜட்ஜு அதத்தான் படிப்பாருன்னு. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு கேட்டா, "தேதி எல்லாம் சரியா அடிச்சிருக்காங்களான்னு பாத்தியா மாமா?" இன்னும் பாக்கலன்னேன். பென்சில எடுத்துட்டு வந்து பக்கத்துல ஒக்காந்துட்டா. நீ படிக்காத, நான் படிக்கறேன்னு சொல்லி நகரச் சொன்னேன், நகரல. அப்புறம் அக்கா வந்து கூப்புட்டப்புறம் தான் எழுந்து போனா, பென்சில என் கைல குடுத்துட்டு.