கோழியைத் தூக்கிய கயோட்டி: உங்க வீட்டுப் பக்கம் என்ன நடந்துச்சு?

கொல்லைக்காரன் (லிபர்ட்டி ஹில், டெக்சாஸ்)

ஆஸ்டினுக்கு வடமேற்கே ரெண்டு ஏக்கர் இடம். வீட்டுக்குப் பின்னாடி முழுக்க சீடர் புதரும் சப்பாத்திக்கள்ளியும்தான். குடிவந்த புதுசுல ராத்திரி கயோட்டி (நாய் இனத்துக் காட்டுப் பிராணி, பார்க்க நரிக்கும் ஓநாய்க்கும் நடுவுல இருக்கும்) ஊளை கேட்டு, இருபது முப்பது இருக்கும்னு நினைச்சுத் தாழ்ப்பாளை ரெண்டு தடவை சரிபார்த்துட்டுப் படுப்போம். அப்புறம் கேமரா வெச்சுப் பார்த்தா ரெண்டே ரெண்டு! குரலை மாத்தி மாத்தி, உடைச்சு உடைச்சுக் கத்தறதுல காதுக்கு ஒரு பட்டாளமே வந்த மாதிரி இருக்கு. ஊர்ல இருக்கிற அம்மாகிட்ட அந்த வீடியோவைக் காட்டினேன். "நரிடா அது! நரி முகத்துல முழிச்சா யோகம்"னாங்க.

யோகம் செப்டம்பர்ல வந்துச்சு. விடிய இன்னும் அரைமணி இருக்கும், கோழிக்கூட்டுப் பக்கம் ஒரே ரகளை. செருப்புகூடப் போடாம டார்ச்சோட ஓடினேன். கூட்டோட வலை கீழ் ஓரத்துல கிழிஞ்சு உள்பக்கமா மடிஞ்சு கிடக்கு, முனையில சாம்பல் நிறத்துல நாலஞ்சு மயிர். ஆறு கோழியில நாலுதான் இருக்கு. கொஞ்ச தூரம் வரைக்கும் இறகா சிதறிக் கிடந்துச்சு. வெளிச்சத்தை அந்தப் பக்கம் திருப்பினா ஒரு கயோட்டி இருபதடி தள்ளி நின்னு என்னையே பார்க்குது. ஓடலை. கோழி போனதைவிட அதுதான் எனக்கு உறுத்துச்சு. மனுஷனைப் பார்த்தா ஓடவேண்டிய பிராணி ஏன் நிக்குது?

அன்னிக்குப் பகல்ல கொல்லையை ஒரு சுத்து சுத்தினப்ப பதில் கிடைச்சுது. பறவைக்குத் தானியம் தொங்கவிட்டிருக்கேன், கீழ சிந்தினதைத் தின்ன எலி வருது, எலிக்கு இது வருது. பூனைக்கு வெச்ச தட்டு ராத்திரி பூரா பின்வாசல்லயே கிடக்கு. அத்தி மரத்தடியில உதிர்ந்த பழம். பாதை நடுவுல அது போட்டுட்டுப் போன விட்டையைக் குச்சியால கிளறிப் பார்த்தேன் (வீட்டுக்காரி இன்னும் இதை வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருக்கா). கொஞ்சம் முயல் மயிர், மீதி அத்தனையும் கள்ளிப்பழ விதை, கத்தரிப்பூ நிறத்துல. தினச் சாப்பாடு எலி, முயல், பழம்தான் போல. கோழி நான் கூப்பிட்டு வெச்ச விருந்து.

வலை விஷயத்துலயும் தப்பு என்னோடதுதான். அறுகோணக் கண்ணு போட்ட சிக்கன் வயர் கோழியை உள்ள நிறுத்தி வைக்கத்தான் ஆகும், கயோட்டி பல்லுக்கு அது நூல். அரை இன்ச் சதுரக் கண்ணு உள்ள ஹார்ட்வேர் கிளாத்ங்கிற கெட்டிக் கம்பி வலையை வாங்கி மாட்டினேன். புதைக்கச் சொல்றாங்க, ஆனா இங்க ஒரு சாண் தோண்டினா சுண்ணாம்புப் பாறை. அதனால கூட்டைச் சுத்தி ரெண்டடி அகலத்துக்குத் தரையிலயே வெளிப்பக்கமா விரிச்சு மேல கல்லு வெச்சுட்டேன். தோண்ட வர்றது கூட்டு ஓரத்தைத்தான் தோண்டும். தான் நிக்கறதே வலை மேலங்கிறது அதுக்குப் புரியாது.

பக்கத்து இடத்துக்காரர் "சுட்டுத் தள்ளு"ங்கிறார். சுட்டா காலியான இடத்துக்கு அடுத்தது வரும். பூனைத் தட்டு அங்கேயே இருந்தா அதுவும் தங்கிடும். உங்க கதையைச் சொல்லுங்க.

பனிக்காட்டான் (உக்ஸ்பிரிட்ஜ், ஒன்ராறியோ)

எங்கட பக்கத்துக் கயோட்டி உங்கடையை விடப் பெரிசு, ஓநாய் இரத்தம் கலந்தது. எனக்கு நடந்தது நாய்க் கதை. ஏப்ரல் கடைசி, பனி கரைஞ்சு பாதையெல்லாம் சேறு. நாயோட நடக்கேக்க பின்னால ஒண்டு வருது. நான் நிண்டால் நிக்குது, நடந்தால் நடக்குது. ஓடினால் துரத்தும் எண்டு தெரியும், அதால கயிற்றைச் சுருக்கிப் பிடிச்சுக்கொண்டு அதின்ர முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமா நடந்தன். ஒரு சப்பாத்து சேத்தில மாட்டியிட்டுது, விட்டிட்டே வந்தன். சின்னப் பாலம் தாண்டினதும் அது திரும்பிப் போட்டுது.

பிறகுதான் விளங்கிச்சுது. ஜனவரி, பெப்ரவரியில சோடி சேரும், 63 நாள் அளவில சுமந்து ஏப்ரல், மேயில குட்டி போடும். அந்த மேட்டில வளை இருந்திருக்கு. என்னைத் துரத்தேல்லை, குட்டிகளிட்ட இருந்து தள்ளிக் கொண்டுபோய் விட்டது. ஆடி மாதம் வரைக்கும் நான் வேற பாதையாலதான் போனன்.

ஆனால் மனிசரை ஒண்டும் செய்யாது எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. 2009 அக்டோபரில கேப் பிரெட்டன் பூங்காவில நடக்கப்போன 19 வயசுப் பாடகி டெய்லர் மிச்சல் கயோட்டி கடிச்சுத்தான் இறந்தவ. இப்பிடி நடக்கிறது சரியான அபூர்வம். எண்டாலும் நடந்தது.

அரிசோனா அக்கா (டூசான்)

எங்க வீட்டுச் சுத்துச்சுவர் அஞ்சடி. ஏறி உட்கார்ந்து எங்க குட்டி நாயைப் பார்த்துட்டு இருந்துச்சு, என்னமோ டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்த மாதிரி. சுவர் மேல உருளுற குழாய் போட்டோம், கால் வெச்சதும் வழுக்கிடுது. ராத்திரி நாயைத் தனியா விடறதையும் நிறுத்தியாச்சு.

எல்லைக்காரர் (மெக்கல்லன், டெக்சாஸ்)

நாய்க்கு வெறிநாய் ஊசி தவறாம போடுங்க. 1988ல எங்க பக்கம் கயோட்டிகள்கிட்ட வெறிநோய் பரவ ஆரம்பிச்சு, 1995ல இருந்து தடுப்பு மருந்து வெச்ச இரையை விமானத்துல இருந்து போட்டுத்தான் அடக்கினாங்க. அந்த வகை இப்ப ஒழிஞ்சாச்சு. ஆனா வௌவால், ஸ்கங்க் (நாத்தத் தண்ணியைப் பீச்சி அடிக்கிற சின்னப் பிராணி) வழியா வர்ற வெறிநோய் இன்னும் இருக்கு. கடி பட்டா சோப்பும் தண்ணியும் போட்டு நல்லா கழுவிட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரி.

கொல்லைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, டீக்கடை பெஞ்சு அருமை!

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். இப்ப அது எட்டிப் பார்த்தா பையன் எவர்சில்வர் தட்டும் கரண்டியுமா வெளிய போயிடறான். கையைத் தூக்கிக்கிட்டு, கத்திக்கிட்டு, அது கண்ணு மறையற வரைக்கும் விடக்கூடாது. பாதியில உள்ள வந்துட்டா, "இவங்க இவ்வளவுதான்"னு அது கத்துக்குது. முதல் வாரம் நாங்க அதைத்தான் பண்ணினோம். போன வாரக் கேமராவுல வலை மேல நின்னு ரெண்டு தடவை பிறாண்டிட்டுப் போயிடுச்சு.

காணாமப் போன ரெண்டு கோழியில ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு ஓக் மரத்துல இருந்து இறங்கி வந்துச்சு, வால் இறகே இல்லாம. இன்னிக்கு வரைக்கும் கூட்டுக்குள்ள போகமாட்டேங்குது. கராஜ்லதான் தூங்குது, கார் பானட் மேல.