மகோமே – ட்சுமாகோ நடைவழி: சைவக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு எங்கே?

நண்பர்களே, அக்டோபர் கடைசியில் 12 பேரை ஜப்பானின் நகசெண்டோ பழைய சாலையில் மகோமே என்ற ஊரிலிருந்து ட்சுமாகோ என்ற ஊருக்குக் கூட்டிப்போகிறோம். சுமார் 8 கி.மீ., நின்று பார்த்துப் போனால் 3 மணி நேரம். மகோமே ஏறக்குறைய 600 மீட்டர் உயரம், இடையில் வரும் கணவாய் 800, ட்சுமாகோ 420. இந்தத் திசையில்தான் ஏற்றம் குறைவு. வழியில் கரடியை விலக்கும் மணி தொங்கும், அடித்துவிட்டே போகணும். மழை பெய்தால் கல் பாவிய இறக்கம் வழுக்கும். அடி தேய்ந்த ஷூ ஆகாது.

சிக்கல் சாப்பாட்டில்தான். ஆறு பேர் சுத்த சைவம். "இறைச்சி வேண்டாம்" என்றால் மீன் வரும். "மீனும் வேண்டாம்" என்றாலும் சோபா என்ற பக்வீட் நூடுல்ஸைத் தோய்த்துச் சாப்பிடும் சாற்றில் கட்சுவோபுஷி, அதாவது புகையூட்டி உலர்த்திய மீன் சீவல், இறங்கியிருக்கும். அங்குள்ள சமையல்காரர்கள் கணக்கில் அது மீனே இல்லை, நமக்குப் பெருங்காயம் மாதிரி!

கொம்பு கடற்பாசியும் ஷீடாகே காளானும் மட்டும் போட்டுச் சாறு வைத்துத் தரும் கடை ட்சுமாகோவில் உண்டா? எத்தனை நாள் முன்னால் சொல்லணும்? கோஹெய் மோச்சியில் (குச்சியில் செருகிச் சுட்ட சோற்று உருண்டை) தடவும் வால்நட் மிசோவிலும் (புளிக்கவைத்த சோயா விழுது) மீன் சாறு சேர்ப்பார்களா? இதையெல்லாம் ஜப்பானிய மொழியில் விளக்கும் அட்டை யாரிடமாவது இருந்தால் படமெடுத்துப் போடுங்கள்.