கிளினிக் நாளும் வேலை நாளும்: வயதான பெற்றோரைப் பார்க்கும் ஊழியருக்கு வேலையிடம் செய்யக்கூடியவை

வவுனியா, கடைக் கணக்குப் பகுதி:
இந்தக் கதையை எடுத்தால் முதலாளிமார் உடனே நீண்ட லீவைத்தான் நினைக்கிறார்கள். வேலையைக் குழப்புவது அதுவல்ல, பெற்றோரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய, மாதம் ஒருமுறை வரும் கிளினிக் நாள். கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரு முழு வருடம் முடித்தவருக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் கசுவல் லீவும் உண்டு. பெற்றோரைப் பார்ப்பதற்கென்று தனியார் துறையில் தனி லீவு இல்லை. மாதம் ஒரு கிளினிக் என்றால் வருடம் 12. முழு நாளாகக் கழித்தால் ஏழாம் மாதத்திலேயே கசுவல் முடிந்துவிடும். அரை நாளாகக் கழித்தால் 6 நாள்தான் போகும், ஒன்று மிஞ்சும். அரை நாள் லீவை எழுத்தில் ஏற்றுக்கொள்வதுதான் முதல் வேலை. அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அப்பாவுக்குச் சீனி, அம்மாவுக்குப் பிரஷர் என்று இருவருக்கும் வெவ்வேறு நாள் விழுந்தால் கணக்கு இரட்டிக்கும். அடுத்த திகதி போடும்போது ஒரே நாளில் தரமுடியுமா என்று கிளினிக்கில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கிளிநொச்சி, ஆடைத் தொழிற்சாலை நிர்வாகம்:
துறைக்குத் துறை சம்பள விதி போடும் சம்பளச் சபையின் கீழ் வரும் ஆலைகளுக்கு லீவு விதி வேறு. ஆனால் எங்கள் துறையில் ஆட்களை முறிப்பது லீவை விட வருகைக் கொடுப்பனவு. ஒரு நாள் வராவிட்டால் மாதக் கொடுப்பனவு முழுக்கப் போய்விடும். அதனால் பிள்ளைகள் கிளினிக்கைத் தவறவிடுகிறார்கள், அல்லது தங்களுக்குக் காய்ச்சல் என்று சொல்கிறார்கள். காலையில் திடீரென்று லைனில் மெஷின் காலியாக இருக்கும், ஏனென்று சுப்பவைசருக்குத் தெரியாது.

செய்ய வேண்டியது இதுதான். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி எழுதியே வரும். கிளினிக் முடிந்து வேலைக்கு வந்த அன்றே அந்தத் திகதியை முறை அட்டவணையில் பதிய வேண்டும். அந்த நாளை வருகைக் கொடுப்பனவில் கழிக்கக்கூடாது. ஒரு மாதம் முன்பே தெரிந்தால் ஜம்பரை, அதாவது வராதவரின் இடத்தில் எந்த மெஷினிலும் இருக்கக்கூடிய ஆளை, அந்த மெஷினுக்கு ஒதுக்கலாம். ஒரே லைனில் ஒரே நாளில் இரண்டு பேருக்கு விழுந்தால் மட்டும்தான் சிக்கல். அதுவும் முன்கூட்டியே தெரியும்.

கொப்பியில் திகதிப் பக்கத்தை மட்டும் பாருங்கள். படம் எடுக்காதீர்கள். தாய்க்கு என்ன நோய் என்பது லைனில் பேசும் விஷயம் அல்ல.

இன்னொன்று. “வேற பிள்ளையள் இல்லையோ?” என்று வன்னியில் ஒருவரிடம் கேட்கவே கூடாது. 2009க்குப் பிறகு அந்தக் கேள்விக்குப் பல வீடுகளில் பதில் சொல்ல முடியாது. கனடாவில் சகோதரம் இருந்தாலும் காசுதான் வரும். மருந்து வரிசையில் நிற்க ஆள் இங்கேதான் வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கும் இதே வசதி என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் கேட்கமாட்டார்கள்.

முல்லைத்தீவு, தாதி:
அரை நாள் என்பது எல்லாருக்கும் பொருந்தாது, அக்கா. விடியவே வந்து நம்பர் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கும் நாள் என்றால் இரவிலிருந்து 8 முதல் 10 மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்த முதியவருக்கு முதலில் சாப்பாடு கொடுக்க வேண்டும். அதன் பிறகு டொக்டர், கடைசியில் மருந்து வரிசை. டவுனில் இருப்பவர் மதியத்துக்கு வேலைக்கு வரலாம். ஒட்டுசுட்டான், துணுக்காய் உட்கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருபவரால் முடியாது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் முல்லைத்தீவிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். அது முழு நாள் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

கிளினிக்கிலிருந்து நேரே வேலைக்கு வருபவரின் பையில் இன்சுலின் இருக்கலாம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளில் வைத்தால் பழுதாகிவிடும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பிறகு சீனி ஏன் குறையவில்லை என்று டொக்டர் மருந்தைக் கூட்டுவார். வேலையிடத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தட்டை ஒதுக்குங்கள். உறையும் பகுதியில் வைக்க வேண்டாம், உறைந்த இன்சுலினையும் எறியத்தான் வேண்டும்.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பாவிட்டால் புண் வரும். பகலில் அயலவர் பார்ப்பார், ஆனால் உடுப்பு மாற்றுவதற்குப் பிள்ளைதான் வேண்டும். வீடு கிட்ட உள்ளவருக்கு மதிய இடைவேளையை ஒன்றேகால் மணித்தியாலமாக்கி, கூடிய நேரத்துக்கு ஈடாகக் காலையில் முந்தித் தொடங்க விட்டால் போதும்.

போன் விஷயம் எல்லாவற்றிலும் முக்கியம். பாரிசவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டியது. வாய் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால் வீட்டிலிருப்பவர் முதலில் 1990 அம்புலன்ஸுக்கு அடிக்க வேண்டும், பிள்ளைக்கு அதன் பிறகு. ஆலை வாசலில் போனை வாங்கி வைப்பதென்றால், எப்போதும் ஆள் எடுக்கும் ஒரு இலக்கத்தை வீட்டுக்குக் கொடுங்கள். எடுப்பவர் உடனே லைனுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். இடைவேளை வரட்டும் என்று வைத்திருப்பதுதான் வழமையான தவறு.

மாங்குளம் பக்கம், அரிசி ஆலை:
ஐந்தாறு பேர் உள்ள இடத்தில் ஜம்பர் கிடையாது. நாட்கூலி ஆளுக்கு லீவு என்றால் கூலி இல்லை, அதனால் அவர் கிளினிக்குக்கே போகமாட்டார். கிளினிக் நாளுக்கு அரை நாட்கூலி கொடுத்தால் வருடத்துக்கு ஆறு நாட்கூலி. அந்த ஆள் நின்றுவிட்டால், புதியவர் ரப்பர் உருளை இடைவெளியைப் பழகும் வரை குறுணல் கூடும், நட்டம் அதை விடப் பெரிது. முன்பு வேலை செய்து ஓய்ந்த ஒருவரைத் தேவைக்குக் கூப்பிட ஒழுங்கு செய்து வைப்பது நல்லது. அதைக் காலபோக அறுவடைக்கு முன் பேசுங்கள். மாசி, பங்குனியில் எவரும் கிடைக்கமாட்டார்.

வவுனியா, கடைக் கணக்குப் பகுதி:
காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரச ஆஸ்பத்திரி இலவசம், ஆனால் வாகன வாடகையும் பம்பஸும் இலவசம் இல்லை. அவசரத்துக்கு மைக்ரோ பினான்ஸில் எடுத்தவர் ஒவ்வொரு கிழமையும் தவணைக்கு ஓடுவார். வட்டியில்லாத முற்பணம் ஒன்று வையுங்கள். ஆறு மாதத்தில் கழியட்டும், அன்றைக்கே கையில் கிடைக்கட்டும். அனுமதிக்குக் கொழும்புத் தலைமையகத்தைக் கேட்க வேண்டுமென்றால் அது பயன்படாது. ஒரு குறிப்பிட்ட தொகை வரை கிளை முகாமையாளரே கையெழுத்திடலாம் என்று முன்பே எழுதி வாங்குங்கள்.