மறு: லக்கிங் – ‘முக்கல்’ என்றே வைத்துக்கொள்வோம்

வணக்கம்.

பழைய டீசல் பிக்கப் வண்டிகளில் மலைப்பாதை இழுவை பற்றிய கையேட்டுக்கு, லக்கிங் (குறைந்த சுற்றில் எஞ்சின் சுமையை இழுக்க முடியாமல் சிரமப்படுவது) என்ற சொல்லுக்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: தாழ்சுற்று மிகைச்சுமை, திணறல், முக்கல். என் வாக்கு முக்கலுக்கு. அதுகுறித்து எழுந்த இரண்டு ஆட்சேபங்களுக்கும் கீழே பதில் தருகிறேன். காரணத்தை எஞ்சினிலிருந்தே தொடங்கிச் சொல்கிறேன். இந்த ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் கையேட்டின் மற்ற அறிவுரைகள் எல்லாம் வீண்.

கொலராடோவில் டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐசனோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. அதை நெருங்கும் ஏற்றம் சில இடங்களில் 7 சதவீதம். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதத் திறனை இழக்கும். 1990களின் நடுவில் வந்த செவர்லே 454 போன்ற பெரிய பெட்ரோல் வி8 கடல்மட்டத்தில் 230 குதிரைத்திறன் தந்தால், அந்த உச்சியில் 160க்குப் பக்கத்தில்தான் மிஞ்சும். பின்னால் கனமான ட்ரெய்லர் இருக்கும்போது இது பெரிய இழப்பு.

அதனால்தான் மலைப்பக்கம் இழுவைக்குப் பழைய வண்டி தேடுபவர்கள் டாட்ஜ் ராமில் வந்த 5.9 லிட்டர் 12 வால்வு கம்மின்ஸ் டீசல் எஞ்சினை நாடுகிறார்கள். 1989 மாடலில் தொடங்கி 1998 வரை வந்த எஞ்சின் அது. டர்போ இருப்பதால் மெல்லிய காற்றிலும் பெருமளவு சமாளிக்கும். மின்னணுக் கட்டுப்பாடு கிடையாது, எல்லாம் இயந்திர அமைப்பு. 1994 முதல் எஞ்சினுக்கு டீசலைச் செலுத்துவது பாஷ் பி7100 பம்ப். ஸ்பானர் இருந்தால் டீசல் அளவைக் கூட்டிவிடலாம். முக்கல் பெரிய சிக்கலாவதும் அந்த வசதியால்தான்.

1996க்குப் பிந்தைய மேனுவல் கியர் வண்டியில் முறுக்குவிசையின் (டார்க்) உச்சம் நிமிடத்துக்கு 1,600 சுற்றில் கிடைக்கிறது. 2,000 சுற்றில் ஓடும் வண்டி ஏற்றத்தில் கொஞ்சம் வேகம் குறைந்தால், சுற்று குறையக் குறைய முறுக்குவிசை கூடும். எஞ்சின் தானே சமாளித்து நிற்கும். 1,600க்குக் கீழே போனால் கதை தலைகீழ். சுற்று குறைந்தால் முறுக்குவிசையும் குறையும், அதனால் சுற்று இன்னும் குறையும். பெடலை எவ்வளவு அழுத்தினாலும் மீளாது. கியரைக் குறைப்பது ஒன்றே வழி. நான் லக்கிங் என்று புரிந்துகொள்வது இந்த நிலையைத்தான்.

இப்போது ஒரு கணக்கு. டிஃபரன்ஷியல் விகிதம் 3.54, டயர் விட்டம் சுமார் 30.5 அங்குலம். மணிக்கு 50 மைலில் ஐந்தாம் கியரில் எஞ்சின் 1,460 சுற்று, நான்காம் கியரில் 1,950 சுற்று ஓடும். அதாவது அதே வேகத்தில் ஒரு கியர் வித்தியாசம் எஞ்சினை உச்சத்தின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கொண்டுபோய் வைக்கிறது. விகிதம் 4.10 என்றால் ஐந்தாம் கியரிலேயே 1,700 கிடைத்துவிடும். வண்டி தேர்ந்தெடுப்பவருக்கு நான் சொல்வது: முதலில் அந்த 4.10ஐத் தேடுங்கள். முன்பக்க கியர் உறையில் இருக்கும் டவல் பின் (சிறு உலோக முளை) கழன்று உள்ளே விழாதபடி தடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பெயின்ட், இருக்கை எல்லாம் அப்புறம்.

> திணறல் எல்லோருக்கும் தெரிந்த சொல். ஏன் விடவேண்டும்?

தெரிந்த சொல்தான், ஆனால் தெரிந்த பொருள் வேறு. டீசலில் காற்று கலந்தாலும், ஃபில்டர் அடைத்தாலும், இன்ஜெக்டர் கெட்டாலும் வண்டி திணறுகிறது என்றுதான் சொல்வோம். அதைக் கேட்டவர் ஃபில்டரை மாற்றப் போவார். இங்கே எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லை, சுமைக்கு ஏற்ற கியரில் இல்லை, அவ்வளவுதான். மலையில் காற்று குறைவதால் வரும் திணறலும் அதே பக்கத்தில் பேசப்படுகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது.

> முக்கல் கொச்சையாக இருக்கிறது. நீரில் முக்குவதோடும் குழம்பும்.

குழம்பாது என்று நினைக்கிறேன். நீரில் முக்குவதற்குச் செயப்படுபொருள் வேண்டும்: துணியை முக்கினான். வண்டி முக்குகிறது என்பதில் செயப்படுபொருள் இல்லை, சக்திக்கு மீறிய மூட்டையைத் தம் பிடித்துத் தூக்குபவரைப் போல எஞ்சின் முக்குகிறது. கொச்சை என்பதை நான் ஏற்கவில்லை. உடம்பின் சிரமத்தைச் சொல்லும் நல்ல வினைச்சொல் அது. இன்னொரு லாபமும் உண்டு. ‘முக்கவிடாதே’ என்று சொல்ல முடிகிறது. பொறுப்பு ஓட்டுநருக்கு என்பது அந்த ஒரு வடிவத்திலேயே வந்துவிடும். ‘தாழ்சுற்று மிகைச்சுமைக்கு உள்ளாக்காதே’ என்று யார் சொல்வார்கள்? அதை வரையறையில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் முக்கு, ஓட்டம் இரண்டையும் சேர்த்து ‘முக்கோட்டம்’ என்று ஆக்கவேண்டாம். அதை மூன்று கோட்டம் என்று படிக்க வாய்ப்பு அதிகம்.

ட்யூனிங் பகுதியில்தான் இந்தச் சொல்லுக்கு அதிக வேலை. பெட்ரோல் எஞ்சினை முக்கவிட்டால் பெரும்பாலும் தட்டும் சத்தம் கேட்டு நாமே கியரைக் குறைத்துவிடுவோம். டீசல் கூட்டப்பட்ட பழைய கம்மின்ஸ் அப்படி எச்சரிக்காது. குறைந்த சுற்றில் டர்போவைச் சுழற்றப் போதிய புகை ஓட்டம் இருக்காது, காற்று வராது, டீசல் மட்டும் வரும். கரும்புகையோடு வெப்பம் ஏறும். பி7100 பம்பில் டர்போ அழுத்தத்துக்கு ஏற்ப டீசலைக் கட்டுப்படுத்தும் ஏஎஃப்சி என்ற அமைப்பு இதைத் தடுக்கத்தான் இருக்கிறது. பந்தயத்துக்கு அதை முன்னே தள்ளுவார்கள், டீசலை வரம்புக்குள் வைக்கும் தகட்டையே கழற்றுவார்கள். இழுவை வண்டியில் இரண்டையும் செய்யக்கூடாது என்று கையேடு அழுத்தமாகச் சொல்லவேண்டும். டைமிங்கை (டீசல் பாயும் நேரத்தை) கொஞ்சம் முன்னே தள்ளினால் புகை வெப்பம் குறையும், உண்மை. ஆனால் சிலிண்டர் அழுத்தம் கூடுவதால், அந்த வண்டியை முக்கவிட்டால் ஹெட் கேஸ்கட்டுக்கு ஆபத்து.

புகைக் குழாயில் டர்போவுக்கு முன்னே வெப்பமானி பொருத்தி, தொடர்ந்து 1,250 ஃபாரன்ஹீட்டைத் தாண்டவிடாமல் ஓட்டுவது பரவலான வழக்கம். டர்போவுக்குப் பின்னே பொருத்தினால் சில நூறு டிகிரி குறைத்துக் காட்டும், ஏமாந்துபோவோம். அதனால் எங்கே அளந்த வெப்பம் என்பதையும் கலைச்சொல்லிலேயே காட்டவேண்டும்: டர்போமுன் வெப்பம், டர்போபின் வெப்பம்.

என் வரைவு இது:

முக்கல் (பெயர்). முறுக்குவிசை உச்சத்துக்குக் கீழான சுற்றில், சுமையோடு, பெடலை மேலும் அழுத்தியும் சுற்று ஏறாத எஞ்சின் நிலை. வினை: முக்கு, முக்கவிடு. தொடர்புடையது: முக்கல் எல்லை – அந்தக் கியரில் எந்தச் சுற்றுக்குக் கீழே முக்கல் தொடங்குகிறதோ அது.

‘உச்சத்துக்குக் கீழான’ என்பதில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. டீசல் கூட்டி ட்யூன் செய்த வண்டியில் அந்த உச்சமே இடம் மாறும். ஆகவே வரையறையில் 1,600 என்ற எண்ணைப் போடவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வர்ட்டர் வழுக்குவதால் இதே வரையறை அப்படியே பொருந்துமா என்று, அவற்றைப் பழுதுபார்த்துப் பழகியவர்கள் எழுதுங்கள். வரையறையில் ஒரு விதிவிலக்குச் சேர்க்கவேண்டி வந்தால், அச்சுக்குப் போகுமுன் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.