காசிமேட்டில் நீட் படிக்கும் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித்தர ஆள் வேண்டும்

குழுவில் எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தினமும் சாயங்காலம் ஆறு பிள்ளைகள் நீட் தேர்வுக்குப் படிக்கிறார்கள். மீன் விற்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைகள். கோச்சிங் சென்டர் ஒன்றில் விசாரித்தோம். கட்டணத்தைக் கேட்டதும் ஒரு பெண்ணின் அம்மா பேசாமல் எழுந்து வந்துவிட்டார்.

180 கேள்விகளில் 90 உயிரியல். அதை எப்படியோ சமாளிக்கிறார்கள். இயற்பியலின் 45தான் உதைக்கிறது. தப்பாகப் போட்டால் ஒரு மதிப்பெண் போய்விடும் என்று பயந்து தெரிந்ததையும் விட்டுவிடுகிறார்கள். எல்லாரும் தமிழ் வழி. நான் பி.காம்., எனக்கு எங்கே இயற்பியல்!

ஐந்து பேர் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவர்களுக்கு உண்டு. ஆறாவது பெண் அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அவளுக்கு அது கிடையாது. ஒரே தெரு, ஒரே கஷ்டம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. மாற்று வழியாக பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம் (மருந்தியல்) பற்றி விவரம் தெரிந்தவர்கள் அவளிடம் ஒருமுறை பேசினால் நன்றாக இருக்கும்.

ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் யாராவது வர முடியுமா? ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள். பணம் தர வசதியில்லை, மத்தியானம் மீன் குழம்பு நிச்சயம். அப்புறம், பழைய பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு தமிழ் வழி இயற்பியல் புத்தகங்கள் இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.