நன்றாக இருந்த காலையில் மதிப்பிட்டு, குறைபாடு 30 சதவீதம் என்று எழுதிவிட்டார்கள்: மறுமதிப்பீடு கோர வழி உண்டா?

கேள்வி: காவிரிக்கரை அக்கா

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 34. 2019-ஆம் ஆண்டு அவனுக்கு மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறை சிதையும் நோய்) இருப்பது தெரியவந்தது. வலது காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தாலும் அவனுக்குத் தெரிவதில்லை. பத்தடி தள்ளி வந்த பிறகு நாங்கள்தான் போய் எடுத்து வருகிறோம். இடது கண்ணில் பார்வை மங்கியிருக்கிறது. சிறுநீரை அடக்க முடியாததால் பேருந்தில் போவதையும், அதனால் வேலையையும் விட்டுவிட்டான்.

சென்ற மாதம் மாற்றுத்திறனாளி மருத்துவச் சான்று முகாமுக்கு அழைத்துச் சென்றோம். காலை எட்டரை மணிக்கே கூப்பிட்டுவிட்டார்கள். நடக்கச் சொன்னார்கள், நடந்தான். கை கால் இயக்கக் குறைபாடு 30 சதவீதம் என்று சான்றில் எழுதினார்கள். பதினோரு மணி வெயிலில் வெளியே வந்தவன், பேருந்து நிறுத்தத்தை அடைவதற்குள் சுற்றுச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். 40 சதவீதம் இல்லாவிட்டால் உதவித்தொகை எதுவும் கிடைக்காது என்கிறார்கள். இனி என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி: பொன்னி

சகோதரி, என் கணவருக்கும் இதே நோய்தான். முதலில் சான்றிதழில் எந்த வகைமை குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 ஏற்றுக்கொண்டுள்ள 21 வகைகளில், நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு என்ற தலைப்பின் கீழ் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் தனியாகவே இடம்பெற்றுள்ளது. தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் இதைத் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுவார்கள். விண்ணப்பிக்கும்போது கை கால் குறைபாடு என்று மட்டும் பதிவாகிவிட்டால், மருத்துவர் கை காலை மட்டும் பார்ப்பார். கண்ணும் சிறுநீர்ப்பையும் கணக்கில் வராமல் போய்விடும். உங்கள் தம்பிக்கு நேர்ந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்றுக்கு மேற்பட்ட பாதிப்புகள் இருந்தால் அவற்றை அப்படியே கூட்டமாட்டார்கள். பெரிய சதவீதத்தை 90-இலிருந்து கழித்து, மீதியைச் சிறிய சதவீதத்தால் பெருக்கி, 90-ஆல் வகுத்து வரும் எண்ணைப் பெரிய சதவீதத்துடன் சேர்ப்பார்கள். காலுக்கு 30, கண்ணுக்கு 20 என்று வைத்துக்கொண்டால்கூட 43-ஐத் தாண்டும். ஆகவே கண் மருத்துவரின் அறிக்கை இல்லாமல் மறுமுறை போகாதீர்கள்.

மறுமொழி: இயன்முறை மருத்துவர், மதுரை

நரம்பின் மேலுறை சிதைந்த இடத்தில், உடல் வெப்பம் சிறிது கூடினாலும் சமிக்ஞை தடைபடும். இந்த நோயாளிகள் காலையில் நன்றாக நடந்துவிட்டு, வெயிலிலோ வெந்நீர்க் குளியலுக்குப் பிறகோ துவண்டுபோவதற்குக் காரணம் இதுதான். அவர்கள் பாசாங்கு செய்வதில்லை. ஆனால் ஒரு முகாமில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவர் தம் முன்னால் நடக்கும் நான்கு அடியைத்தான் பார்க்கிறார். அந்த நான்கு அடிக்கு வெளியே நடப்பதை எழுத்தில் கொண்டுபோவது உங்கள் பொறுப்பாகிவிடுகிறது. இது நியாயமில்லை, ஆனாலும் செய்யத்தான் வேண்டும்.

தொடர்ந்து பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம், எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு, இந்த நோயால் வந்த இயலாமையை அளக்கும் ஈ.டி.எஸ்.எஸ். எனும் அளவீட்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பூச்சியத்திலிருந்து பத்து வரை செல்லும் அந்த அளவீட்டில் 6 என்றால், சுமார் 100 மீட்டர் நடக்கவே ஊன்றுகோல் போன்ற துணை தேவைப்படுகிறது என்று பொருள். கூடவே, ஒரு மாதத்துக்கு நாட்குறிப்பு எழுதுங்கள்: எத்தனை முறை விழுந்தார், எந்த நேரத்தில், யார் தூக்கினார்கள் என்று தேதியோடு இருக்கட்டும். “மிகவும் சிரமப்படுகிறார்” என்ற வாக்கியத்தால் பயனில்லை. முகாமில் எப்படி இருக்கிறது என்று கேட்டால், நம்மவர்கள் கூச்சத்தில் “பரவாயில்லைங்க” என்று சொல்லிவிடுவார்கள். தம்பியிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்

அம்மா, சான்றிதழ் வழங்கும் அதிகாரியின் முடிவில் குறை இருந்தால் மேல்முறையீடு செய்யும் உரிமையை அதே சட்டத்தின் 59-ஆவது பிரிவு அளிக்கிறது. அதற்குக் காலவரம்பு உண்டு என்பதால் தள்ளிப்போடாமல், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் எந்தப் பதிவும் இருக்காது.

உதவித்தொகையைப் பொறுத்தவரை, நீங்கள் இரண்டு வாசல்களை அறிந்திருக்க வேண்டும். வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியிலிருந்து மாதம் ரூ.1,500, இதைச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகம் கவனிக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் ரூ.2,000, தண்டுவட மரப்பு நோய் இதில் பெயர் குறிப்பிட்டே சேர்க்கப்பட்டுள்ளது. இரண்டையும் சேர்த்துப் பெற இயலாது. எனவே சான்றிதழில் நோயின் பெயர் சரியாக ஏறிய பிறகு, இரண்டாவதற்கே விண்ணப்பியுங்கள்.

காவிரிக்கரை அக்கா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். பொன்னி அவர்கள் சொன்னதுபோலக் கை கால் குறைபாடு என்று மட்டும்தான் இருக்கிறது, நோயின் பெயரே இல்லை. திங்கட்கிழமை மனுவைக் கொடுக்கிறேன். கண் மருத்துவரிடம் புதன்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். நாட்குறிப்பை நேற்றிரவே தொடங்கிவிட்டோம், முதல் வரியை “குளியலறை வாசலில், காலை 7.10, அம்மா பிடித்தார்” என்று தம்பியே தன் கையால் எழுதினான்.